பஸ் காசை யார் கொடுப்பது?

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர் குழு ஆரம்பிக்கிறோம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாதாமாதம் பஸ் காசை யார் கொடுப்பது என்பதைத்தான். "சேவைக்குப் போய் காசா?" என்று முகம் சுளிப்பார்கள். அப்படிச் சொன்ன குழுக்கள் பெரும்பாலும் ஒரு பொங்கலைத் தாண்டியதில்லை.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லேயே வந்துவிட்டது. மத்திய அரசின் திட்டம் 1995-இல்தான். பணம் வந்தது சரி. ஆள் வருவதற்குத்தான் இவ்வளவு காலம். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சுய உதவிக் குழுப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள். ஆரம்பத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. அலைச்சலுக்கு அது ரொம்பக் குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் அரசுக் கணக்கில் அதற்கென்று ஒரு தலைப்பு இருந்தது, வேலை நின்றுபோகவில்லை.

அஞ்செட்டிப் பக்கம் அப்படி ஒரு தன்னார்வலருடன் போயிருந்தேன். அவர் பிரஷர் பார்ப்பதற்கு முன்பே, உறியில் தொங்கிய மஞ்சப்பையை இறக்கி மாத்திரை அட்டைகளை எண்ணினார்.

"என்ன தாத்தா, இவ்வளவு மிச்சம்?"

"தலை சுத்துற அன்னிக்கு மட்டும் போட்டுக்கறேன் கண்ணு."

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மகனுக்கு இது போனில் தெரியப்போவதில்லை. மாதம் தவறாமல் வருகிறவர் கண்ணில்தான் படும்.

ஓசூர் கம்பெனிகளிடம் பணம் இல்லாமல் இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதியோர் பகல்நேர மையங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பேனர் கட்டி சக்கர நாற்காலி கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கல்லும் முள்ளுமான மலைப்பாதையில் அது எங்கே உருளும்? சாக்கு போர்த்தி மூலையில் நிற்கிறது.

கேரளத்து மலப்புரத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே சில்லறையாக நிதி திரட்டினார்கள். 2008-இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. அப்புறம் பஞ்சாயத்துகளும் பணம் ஒதுக்கின.

குழு தொடங்குகிறவர்கள் ஓராண்டுக்கான பஸ் காசு, ரீசார்ஜ், சுகர் ஸ்ட்ரிப் செலவை முதலில் எழுதிப் பாருங்கள். பாதிக்காவது மாதச் சந்தாதாரர்களைப் பிடித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கம்பெனிப் பணம் வேண்டுமானால் டிரஸ்டாகப் பதிந்து, வருமான வரித் துறையில் வரிச்சலுகைப் பதிவுகளை (12ஏ, 80ஜி என்பார்கள்) வாங்கி, கம்பெனிகளின் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவமும் போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆடிட்டரை இப்போதே பாருங்கள்.