இறங்கும் முன் ஏறும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அந்த இளைஞரைக் கொண்டுவந்தபோது முதலில் என் கண்ணில் பட்டவை அவருடைய உள்ளங்கைகள். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கிழித்த கோடுகள் இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நகக்கண்களில் பச்சைப் பாசி. வந்த காரணம் கணுக்கால் முறிவு. எலும்பு விலகவில்லை, கட்டுப் போட்டால் கூடிவிடும். ஆனால் உடல் வெப்பம் 34 டிகிரி செல்சியஸ்தான் இருந்தது. 35-க்குக் கீழே இறங்கினாலே அது தனி ஆபத்து. பாதையில்லாத ஒரு சிறு கடற்கரையில் தண்ணீர் ஏறி வழியை மூடிவிட, ஈரத் துணியோடு இரவெல்லாம் பாறைமேல் கிடந்திருக்கிறார். தெருவில் விழுந்திருந்தால் அன்றைக்கே வீடு திரும்பியிருப்பார்.

இப்படி வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணீர் மெதுவாகத்தானே ஏறியது, டாக்டர்." அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கரைகளில் வற்றிய கடல் நிறைய ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் ஆகும். அந்த ஏற்றம் ஒரே சீராக நடப்பதில்லை. மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால், முதல் மணி நேரத்தில் சுமார் 25 சென்டிமீட்டர்தான் ஏறும். மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் தலா 75 சென்டிமீட்டர் ஏறிவிடும். முதல் மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் மூன்றாவது மணியில் அகப்பட்டுக்கொள்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் கூடும். நேற்றுப் போய்வந்தவர் சொன்ன நேரமும் இன்றைக்குப் பொருந்தாது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஆகவே அந்தப் பகுதியில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது பாறை முனையைக் கடந்து உள்ளே போக வேண்டும். கடல் திரும்பத் தொடங்கும்போது நீங்களும் திரும்பிவிட வேண்டும். போனதும் பாறைச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பாசியும் சிப்பியும் எந்த உயரம் வரை படிந்திருக்கின்றனவோ, அதுவரை கடல் தவறாமல் வந்துபோகிறது. நிழலாக இருக்கிறதே என்று செங்குத்துச் சுவரின் அடியில் உட்காராதீர்கள். மழைக்குப் பிறகு அங்கே கல் சரியும்.

ஆளில்லாத கரையில் குளிக்க இறங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடையும் அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பல நேரங்களில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடி இருந்து, முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். கரையில் இருப்பவர் மிதக்கக்கூடிய எதையாவது அவரிடம் வீசலாம். பின்னாலேயே குதித்தால் இரண்டு உயிர் போகும்.

தண்ணீரிலிருந்து எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால், தயவுசெய்து வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் கழிந்துவிடும். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துத் தொடங்குங்கள். பிறகு 30 முறை மார்பை அழுத்துவது, 2 முறை மூச்சு கொடுப்பது என மாறி மாறி, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். அந்த உதவி பாறைகளைத் தாண்டி வந்து சேர வெகுநேரம் ஆகும். மூளையோ ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களே தாங்கும். குழுவில் ஒருவராவது இதை முறையாகப் பழகியிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். பிழைத்துக்கொண்டவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

இன்னொன்று. குன்றுகளுக்குக் கீழே செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. எந்த இடம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இளைஞர் நண்பரைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். அன்றிரவு அவருடைய அண்ணன் நண்பர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். விடிந்த பிறகு அந்தப் பக்கம் வந்த படகில் இருந்தவர்கள், பாறைமேல் அசைந்த கையைக் கண்டிருக்கிறார்கள்.