பழைய நோய் இருப்பவர்களின் கிளைம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

சுகர், பிரஷர் வந்துவிட்டால் இனி மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்று ஒதுங்கியிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிகளை மாற்றிய பிறகு அப்படி ஒதுங்கத் தேவையில்லை. பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத ஆரம்பக் காலம், அதிகபட்சம் 48 மாதம் என்று இருந்தது 36 மாதமாகக் குறைந்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். முன்பு இதற்கு 8 ஆண்டு ஆக வேண்டும். ஆனால் கேட்ட எல்லோருக்கும் பாலிசி கொடுத்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. உடல்நிலையைப் பார்த்து நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இந்தச் சலுகையெல்லாம் பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் உண்மையைச் சொன்னவருக்குத்தான் முழுமையாகப் பயன்படும். "சுகர்னு போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லும் ஏஜென்ட் கிளைம் நாளில் உங்களுக்காகப் பேசப்போவதில்லை. பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டதோ சிகிச்சை பெற்றதோதான் விதிப்படி 'ஏற்கெனவே உள்ள நோய்'. அதற்காகப் பழைய ஆபரேஷனை விட்டுவிடாதீர்கள். "எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்ததா?" என்று படிவம் கேட்டால், 15 வருடத்துக்கு முந்தையதையும் எழுத வேண்டும். பாலிசியோடு படிவத்தின் நகல் வரும். வராவிட்டால் கேட்டு வாங்கிப் படியுங்கள். நோய் விவரம் விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசியே வேண்டாமென்றால் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

உண்மையைச் சொன்னவர்களும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு: டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒற்றை வரி. அட்மிஷன் பரபரப்பில் டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்பார். கூட வந்த மருமகன் "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்பார். 'கே/சி/ஓ டி.எம். 10 இயர்ஸ்' (பத்து வருடமாக சுகர் உள்ளவர்) என்று அது கேஸ் ஷீட்டில் ஏறி, அப்படியே சம்மரிக்கும் வந்துவிடும். உண்மையில் நோய் தெரிந்து நான்கு வருடம்தான் ஆகியிருக்கும். முன்மொழிவுப் படிவத்திலும் பாலிசிதாரர் அதைத்தான் எழுதியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாததால் கோப்பு விசாரணைக்குப் போகும். முதல் மருந்துச் சீட்டு, குடும்ப மருத்துவர் கடிதம், பழைய லேப் ரிப்போர்ட் எல்லாம் கேட்பார்கள். சுகருக்கான ரத்தப் பரிசோதனையான ஹெச்பிஏ1சி 9 என்று இருப்பதைக் காட்டி நீண்டகால சுகர் என்று வாதிட்டால் ஏற்காதீர்கள். அந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத அளவைத்தான் சொல்லும். நோய்க்கு எத்தனை வயது என்பதைச் சொல்லாது.

ஆகவே வீடு திரும்பும் முன் சம்மரியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தவறாக இருந்தால் முதல் மருந்துச் சீட்டைக் காட்டி, சிகிச்சை தந்த மருத்துவரிடம் அங்கேயே திருத்தக் கையெழுத்து வாங்குங்கள். கிளைம் மறுக்கப்பட்ட பிறகு வாங்கிவரும் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பும் 60 மாதக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். ஆண்டு பிரீமியம் கட்டுபவர் 30 நாள் சலுகைக் காலத்தையும் தவறவிட்டால் சேர்த்துவைத்த காலம் மொத்தமும் போய்விடும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குச் சேர்த்துவைத்த காலம் கூடவே வரும்; ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த ஷரத்துப்படி மறுத்தார்கள் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மனுவோடு படிவ நகல், சம்மரி, முதல் மருந்துச் சீட்டு மூன்றையும் இணையுங்கள்.