மதியச் சாப்பாடு இத்தாலியில், படுக்கை செர்மாட்டில்

சுவிஸில் காப்புறுதி ஆலோசகராக வேலை பார்க்கிற எங்களுக்குப் பெப்ரவரி மாதம் முழுவதும் முழங்கால்களும் மணிக்கட்டுகளும்தான். பாடசாலை விளையாட்டு விடுமுறை முடிந்த கையோடு விபத்துப் படிவங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் அதிக அலைச்சல் கொடுப்பவை எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த விபத்துகள். காயம் சிறியதாக இருக்கும், கோப்பு மட்டும் தடித்துக்கொண்டே போகும்.

நம்மவர்களிடம் இப்போது இந்த விடுமுறை பரவலாகிவிட்டது. பாடசாலை பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வரும் பிள்ளைகள் அடுத்த வருடம் வீட்டாரையும் இழுக்கிறார்கள். இலண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் உறவினர் சேர்ந்துகொள்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் செர்மாட் என்கிறார்கள். மேட்டர்ஹோர்ன் மலையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, சறுக்கியபடியே இத்தாலிக்குப் போய் பீட்சா சாப்பிட்ட மாதிரியும் ஆயிற்று என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. சுவிஸ் பக்கத்துச் செர்மாட்டையும் இத்தாலிப் பக்கத்துச் செர்வினியா, வால்தூர்நான்ஷ் ஊர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 360 கிலோமீட்டர் சறுக்குப் பாதை ஒரே பாஸில் கிடைக்கிறது. இத்தாலிப் பக்கம் பாதைகள் அகலம், வெயில் அதிகம், சாப்பாடும் மலிவு. 3,480 மீட்டர் உயரத்தில் உள்ள பிளாத்தோ ரோசாவில் நின்றால் எது எந்த நாடு என்று தெரியாது. வாசல் இல்லை, காவலர் இல்லை. பனியாறு உருகி, எல்லையாக இருந்த நீர்பிரி கோடு (நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் முகடு) நகர்ந்ததால், இவ்விடத்தில் எல்லையைச் சற்றே மாற்றி வரைய இரு நாடுகளும் 2023இல் உடன்பட்டன. கோடே நகர்கிற இடத்தில் சுற்றுலாப் பயணி அதை நினைத்துப் பார்க்க மாட்டார்தான். ஆனால் காற்று எழுந்தாலும் கால் முறிந்தாலும் அந்தக் கோடு உடனே முன்னால் வந்து நிற்கும்.

முதலில் காற்று. செர்வினியா 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுவிஸுக்குத் திரும்ப முதலில் பிளான் மேசோன், அடுத்து சிமே பியான்கே லாகி, கடைசியாகப் பெரிய கேபிள் காரில் பிளாத்தோ ரோசா என்று படிப்படியாக ஏற வேண்டும். மேல் தொடுப்புதான் பலவீனமான இடம். முகட்டில் காற்று பலத்தால் அதை நிறுத்திவிடுவார்கள். கீழே உணவகத்தின் வெயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நிறுத்தாத நாட்களிலும், கடைசி ஏற்றம் கிராமத்து லிப்ட்கள் மூடும் நேரத்துக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். பருவத்துக்கேற்ப நேரம் மாறும். அன்றைய நேரம் லிப்ட் நிலையப் பலகையிலும் செயலியிலும் இருக்கும். நான் சொல்வது ஒரே விதி: இத்தாலியில் சாப்பிட விரும்பினால் பன்னிரண்டு மணிக்கே சாப்பிடுங்கள், இரண்டு மணிக்கு வரிசையில் நில்லுங்கள். மூன்று மணிக்குக் காப்பி என்பது அந்தப் பக்கத்தில் தங்குபவர்களுக்கு உரியது.

தவறவிட்டால் என்ன? செர்வினியாவில் இருந்து செர்மாட்டுக்கு நேரான சாலை கிடையாது. பள்ளத்தாக்கில் ஷாத்தியோன் வரை இறங்கி, அவோஸ்தா வழியாகப் பெரிய சென் பெர்னார் சுரங்கத்தைக் கடந்து, மார்ட்டின்யி, ஃபிஸ்ப் என்று மலைத்தொடரையே சுற்றி வர வேண்டும். சாலை நன்றாக இருந்தால் நான்கு மணி நேரம் ஆகலாம். செர்மாட் ஊருக்குள் வெளிக் கார்களுக்கு அனுமதி இல்லை. டேஷ் நிலையத்தில் இறங்கிப் பன்னிரண்டு நிமிட ரயிலில் ஏற வேண்டும். இவ்வளவையும் சறுக்குக் காலணியோடு செய்ய வேண்டும். டாக்சிக் கட்டணம் பல நூறு பிராங்க் வரும். சாதாரணப் பயணக் காப்புறுதி இதைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். லிப்ட் மூடியதால் வரும் செலவு எத்தனையோ பத்திரங்களில் இல்லவே இல்லை.

2023 ஜூலையில் பிளாத்தோ ரோசாவையும் 3,883 மீட்டர் உயரத்துக் கிளைன் மேட்டர்ஹோர்ன் நிலையத்தையும் இணைக்கும் கேபிள் கார் திறக்கப்பட்டது. சறுக்கத் தெரியாத பெற்றோரும் இப்போது சறுக்காமலேயே எல்லை கடந்துவிடலாம். நல்லதுதான். ஆனால் காற்றுக்கு மூடும் விதி அதற்கும் உண்டு. உயர் இரத்த அழுத்தமோ மூச்சுக் கோளாறோ உள்ள அம்மாவை முதல் நாளே அந்த உயரத்துக்கு ஏற்றுவது பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது காயம். இங்கே நம் குடும்பங்களுக்குள்ளேயே ஒரு கோடு ஓடுகிறது, அதைப் பலர் அறியவில்லை. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியான விபத்துக் காப்புறுதி உண்டு. வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அவர்களுக்குக் கிராங்கன்காசே, அதாவது அடிப்படை மருத்துவக் காப்புறுதிதான். ஒரே சரிவில் இருவர் விழுந்தால் ஒருவருக்குச் செலவு ஏறக்குறைய முழுவதும் தீரும். மற்றவர் பிரான்சீஸ் தொகையையும், அதாவது வருடத்தில் முதலில் தானே கட்ட வேண்டிய பங்கையும், அதற்கு மேல் பத்து வீதத்தையும் கையில் இருந்து கட்டுவார்.

மீட்புச் செலவில்தான் வித்தியாசம் கூர்மையாகிறது. அடிப்படைக் காப்புறுதி சுவிஸுக்குள் நடக்கும் மீட்பில் பாதியைத் தரும், வருடத்துக்கு 5,000 பிராங்க் வரை. ‘சுவிஸுக்குள்’ என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பிளாத்தோ ரோசாவில் இருந்து இத்தாலிப் பக்கம் இறங்கி விழுந்த பிள்ளைக்கு அந்தப் பாதி இல்லை. ஹெலிகொப்டர் வந்தால் கணக்கு ஆயிரங்களில் ஓடும். முதலாளி வழிக் காப்புறுதி வெளிநாட்டு மீட்பையும் ஏற்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மேலதிகக் காப்புறுதி இருக்கிறதா, அது இத்தாலியிலும் மீட்பை ஏற்கிறதா என்று பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ‘ஆமாம்’ என்று சொன்னவரை மார்ச்சில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. வேலை இருக்கிறது என்பதற்காகக் கிராங்கன்காசேயில் விபத்துப் பகுதியை நீக்கிவிட்டுப் பிறகு வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். முதலாளியின் காப்புறுதி சம்பளம் நின்று 31 நாள் மட்டுமே தொடரும். அதன்பின் விபத்துப் பகுதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வேலையில்லாக் காலத்து விடுமுறைக்கு இதுவே முதல் வேலை.

எந்தப் பக்கம் விழுகிறோம் என்பது மருத்துவமனையையும் தீர்மானிக்கும். சுவிஸ் பக்கத்தில் பெரும்பாலும் ஃபிஸ்ப், இத்தாலிப் பக்கத்தில் அவோஸ்தா. அப்பா அவோஸ்தாவில் படுத்திருக்க, அம்மாவும் பிள்ளைகளும் பயணப் பைகளும் செர்மாட் ஹோட்டலில் இருந்த ஒரு கோப்பு எங்கள் மேசைக்கு வந்தது. முறிவு சாதாரண முறிவு. குடும்பம் ஒன்றுசேர ஒரு முழு நாள் பிடித்தது. அவருடைய காப்புறுதி அட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது! அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. அது சறுக்கு உடுப்பின் உள்பையில் இருக்க வேண்டிய பொருள். உதவிக்கு அழைக்க 112 இரு நாட்டிலும் வேலை செய்யும், சுவிஸ் பக்கத்தில் 144உம் உண்டு. முகட்டில் கைப்பேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் நாட்டைச் சொல்லுங்கள், பிறகு பாதையோரக் கம்பத்தில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

சட்டமும் மாறுகிறது. இத்தாலியச் சறுக்குப் பாதையில் இறங்குபவர் யாராக இருந்தாலும், பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். சுவிஸ் வீடுகளில் பெரும்பாலானோர் தனியார் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருப்பார்கள், அது பொதுவாக இத்தாலியிலும் செல்லும். ஆனால் சான்று கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் போதும். இல்லாதவர்கள் பாஸ் வாங்கும்போதே சில யூரோவுக்கு நாள் காப்புறுதி எடுக்கலாம். தலைக்கவசம் சுவிஸில் உங்கள் விருப்பம். இத்தாலியில் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். குடித்துவிட்டுச் சறுக்கினாலும் அங்கே தண்டம் உண்டு. இரண்டு கிளாஸ் வைனுக்குப் பின் பிளாத்தோ ரோசாவுக்கு ஏறுபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

நம்மவர்களில் சிலருக்கு மட்டும் பொருந்தும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஃப் வகை அனுமதியில், அதாவது தற்காலிக ஏற்பில் இருப்பவர்களும், புகலிடக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் அனுமதி பெறாமல் சுவிஸை விட்டு வெளியேற முடியாது. சறுக்கிக்கொண்டு போனாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான். மேலே யாரும் கேட்கமாட்டார்கள் என்று பலர் துணிகிறார்கள். விழுந்து அவோஸ்தா மருத்துவமனையில் பெயர் பதியும்போது அது வெளிப்படும். பி, சி வகை வதிவிட அனுமதி உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் எடுத்துச் சென்றால் போதும்.

சுங்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லையில் ஆட்கள் இல்லாவிட்டாலும் சுவிஸ் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை. 2025 முதல் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருளின் பெறுமதி 300இல் இருந்து 150 பிராங்காகக் குறைந்துவிட்டது. இறைச்சி ஒரு கிலோ. வெளிநாட்டு உறவினருக்கு ஒரு குறிப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் சுவிஸுக்குப் பொருந்தாது. முகட்டில் நெட்வொர்க் தாவிக்கொண்டே இருக்கும், டேட்டாவை நிறுத்தி வையுங்கள்.

எந்தப் பாஸ் வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு நாளுக்கும் இரு நாட்டுப் பாஸ் எடுப்பது, புதிதாகப் பழகும் குடும்பத்துக்குக் காசைப் பனியில் கொட்டுவது போன்றது. செர்மாட் பாஸை மட்டும் எடுங்கள். இத்தாலிக்குப் போகும் நாளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் செலுத்தி நீட்டிக்கும் வசதி உண்டு. பிள்ளைகள் முதல் நாட்களைச் சுன்னெக்காவில் உள்ள பழகுமிடத்தில் கழிக்கட்டும். வாரத்தின் நடுவில், முந்தைய மாலை வானிலையில் காற்று அடங்கியிருக்கிற நாளாகப் பார்த்து எல்லையைக் கடக்கலாம். கடைசி நாளை இதற்கு வைக்காதீர்கள், மறுநாள் விமானமோ வேலையோ காத்திருக்கும். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் செர்மாட்டுக்கான சாலையும் ரயிலும் அடைபட்டு ஏறக்குறைய 13,000 பேர் ஊருக்குள் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலிலும் ஊர் துண்டிக்கப்பட்டது. ஹோட்டல் அறையை இரத்து செய்யும் விதிமுறையைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். காற்று அடங்காவிட்டால் அந்த வாரம் இத்தாலியை விட்டுவிட்டுக் கோர்னர்கிராட் மலை ரயிலில் ஏறுங்கள். 1898இல் இருந்து ஓடுகிறது, மேட்டர்ஹோர்ன் அங்கிருந்துதான் இன்னும் நன்றாகத் தெரியும்.