போர்டு மாட்டும்போது விழுந்தவருக்கு உரிய இழப்பீடு

ஓசூரில் ஒரு ஜவுளிக்கடையின் உள்ளே, கூரையிலிருந்து பெரிய எல்.இ.டி. போர்டு ஒன்றைத் தொங்கவிடும் வேலைக்குப் போன பென்னாகரம் பக்கத்து இளைஞர், போர்டோடு சேர்ந்து கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி என்னிடம் கொண்டுவந்த விபத்துப் பதிவேட்டு நகலில், 'வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்தவர்' என்று எழுதியிருந்தது. உடன் சென்ற மேஸ்திரி சொன்னதை மருத்துவமனையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரி பொய் என்று நிரூபிக்க ஒன்றரை ஆண்டு அலைந்தோம்.

வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் சட்டமாக இருந்து வருகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் மட்டும் இ.எஸ்.ஐ. அலுவலகத்தை அணுக வேண்டும். மற்றவர்களுக்கு, நாள் கூலியாக ஒரே நாள் போயிருந்தாலும், இந்த உரிமை உண்டு.

தொகை சிறியதல்ல. இறப்பு நேர்ந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு வயதுக்கும் தரும் காரணி எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்படி 7,500 ரூபாயைப் பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. நிரந்தர முழு ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 விழுக்காடு. சிகிச்சைக்கு ஆன செலவு தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணமின்றி இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை தண்டத் தொகையும் சேரும். இவ்வளவு பெரிய தொகையைத்தான் இருபதாயிரம் ரூபாயையும் ஒரு வெள்ளைத்தாளையும் நீட்டி முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

அந்தத் தாளில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்திட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. இறப்பு வழக்கில் இழப்பீட்டை, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். முன்பணம் என்ற அளவில் மூன்று மாதச் சம்பளம் வரை போக, வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது.

அடுத்த பொறி, யார் முதலாளி என்பது. கடைக்காரர் போர்டு கம்பெனியைக் காட்டுவார், போர்டு கம்பெனி மேஸ்திரியைக் காட்டும், மேஸ்திரி 'நானும் கூலிதான்' என்பார். தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்டவரும் பொறுப்பாளி என்பது சட்டம். போர்டு மாட்டுவது தன் தொழில் அல்ல என்று ஜவுளிக்கடைக்காரர் தப்பிக்க வழி இருக்கிறது. போர்டு செய்து மாட்டித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த வழி இல்லை. ஆகவே மனுவில் மேஸ்திரியை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டு நிற்காமல், கம்பெனியையும் தவறாமல் சேருங்கள்.

'பாதுகாப்பு பெல்ட் போடவில்லை, அவன் தவறுதான்' என்பார்கள். பெல்ட் தந்து, போடச் சொல்லி, அதை வேண்டுமென்றே மீறியதாக முதலாளி நிரூபித்தால்தான் அந்த வாதம் எடுபடும். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அதுவும் எடுபடாது. ஓசூர் விபத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது கூட வேலை செய்த பையன் அன்றே செல்போனில் எடுத்த ஒரு படம். ஃபால்ஸ் சீலிங்கின் மெல்லிய தகரச் சட்டம் நாக்குப் போல வளைந்து தொங்க, அதன் நுனியில் ஒரு திருகாணி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு எடையுள்ள போர்டை ஜிப்சம் பலகையிலோ அதைத் தாங்கும் தகரத்திலோ ஒருபோதும் மாட்டக்கூடாது. மேலே உள்ள கான்கிரீட்டில் துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கி, அதிலிருந்து கம்பி வர வேண்டும். ஒரு பிடி விட்டாலும் போர்டு விழாதபடி தனியாக ஒரு சங்கிலி வேண்டும். வேலை முடியும் வரை மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். ஏணிக்குப் பதில் சாரம் வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதை, இடத்தைச் சுத்தம் செய்வதற்குள் படம் எடுத்துவிடுங்கள். கடை மறுநாளே திறந்துவிடும்.

சம்பளத்துக்குச் சான்று இல்லை என்று தயங்காதீர்கள். கூகுள் பேயில் வந்த கூலி, வாட்ஸ்அப்பில் 'நாளைக்குச் சீக்கிரம் வா' என்று வந்த குரல் பதிவு, எல்லாமே உதவும். ஊனச் சான்றிதழில் 40 விழுக்காடு என்றிருந்தால் இழப்பீடும் அந்த அளவுதான் என்று அலுவலகத்திலேயே சிலர் சொல்வார்கள். கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், இனி தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஏணி ஏற முடியாத வெல்டருக்கும் இதே வாதத்தை வையுங்கள்.

இனி அலைச்சல். தொழிலாளர் அலுவலகம் என்று கேட்டுப் போனால் பெரும்பாலும் நலவாரியப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே 'அட்டை புதுப்பிக்கவில்லை, ஒன்றும் கிடைக்காது' என்று திருப்பிவிடுவார்கள். நலவாரிய உதவி வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. இழப்பீடு கேட்க வாரிய அட்டையே தேவையில்லை. விபத்து பெங்களூரில் நடந்திருந்தால் 'கர்நாடகத்தில் போய்க் கேளுங்கள்' என்பார்கள். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு செய்யலாம். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் குடும்பம் பெங்களூருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. மனுவை வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். 'பேசித் தீர்க்கலாம்' என்று மேஸ்திரி இழுக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

மருத்துவமனையில் சேர்க்கும்போது குடும்பத்தில் ஒருவர் அருகில் நின்று, எந்தக் கடையில் என்ன வேலையில் விழுந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். பென்னாகரத்துப் பெண்ணுக்கு வழக்கறிஞர் கிடைத்தது அங்கேதான்.