ஒரு தொண்டைக்குள் ஓர் ஊர்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கண் அறுவை முடிந்து வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு, கைபேசியில் ஒரு நாவலை ஒலிநூலாகப் போட்டுக் கொடுத்தாராம். முழு நாவலையும் படிப்பது ஒரே ஆண்குரல். "ஆனா அம்மா, 'கிழவி பேசினா கிழவியே வந்து உக்காந்த மாதிரி இருக்கு, பேரன் பேசினா பொடிப்பயலாத்தான் தெரியுறான்'ங்கிறாங்க. அவர் கீச்சுக்குரல்ல நடிக்கவே இல்லை. பிறகு எப்படி?"

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒலிநூல் கேட்பவன் நான். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

குரல் பிறக்கும் கதையின் முதல் பாதி பள்ளியில் படித்ததுதான். நுரையீரலிலிருந்து காற்று வருகிறது, குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் அதில் அதிர்கின்றன. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200, சிறு பிள்ளைகளுக்கு 300ஐ ஒட்டி. குரலை மாற்றுவது என்றால் இந்த எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது என்றே பலரும் நினைக்கிறோம். கதை படிப்பவரின் வித்தையோ அதற்கு மேலே, குரல்நாண் முதல் உதடு வரை நீளும் குழாயில் இருக்கிறது.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளி அதிர்கிறது, குழல் அதை இசையாக்குகிறது. நமக்குக் குரல்நாண்தான் சீவாளி. தொண்டையும் வாயும் குழல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. நாதஸ்வரத்தில் குழல் சீவாளியை ஆள்கிறது. துளையைத் திறந்தால் சுரமே மாறிவிடும். மனிதத் தொண்டையில் குரல்நாண்கள் கிட்டத்தட்டத் தம் போக்கிலேயே அதிர்கின்றன. அவற்றிலிருந்து அடிச்சுருதியோடு சேர்ந்து கிளம்பும் அதன் மடங்குகளான மேற்சுரங்களில் எதை உயர்த்துவது, எதை அமுக்குவது என்பதைக் குழாய் பார்த்துக்கொள்கிறது. சுருதி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். பேச்சொலி ஆய்வாளர்களான ஜப்பானின் சிபாவும் கஜியாமாவும் 1941இலும், சுவீடனின் குன்னர் ஃபாண்ட் 1960இலும் வெளியிட்ட நூல்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டின.

கணக்கு எளியது. பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி, தண்ணீர்க் குழாயின் வாயில் பிடித்து ஒத்ததிர்வு, அதாவது குழாய்க் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஒலி உரக்கும் இடம், பார்த்தது நினைவிருக்கும். நம் குரல்குழாயும் அதுபோல்தான்: குரல்நாண் பக்கம் மூடியது, உதட்டுப் பக்கம் திறந்தது. ஒருபுறம் மூடிய குழாயின் முதல் ஒத்ததிர்வுக்கு அலைநீளம், குழாய் நீளத்தைப் போல் நான்கு மடங்கு. வளர்ந்த ஆணின் குரல்குழாய் சுமார் 17 செ.மீ.; நான்கு மடங்கு 68 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால் 500 ஹெர்ட்ஸ் வரும். அடுத்தவை 1500, 2500. குழாயை ஒரு செ.மீ. நீட்டினால் அந்த 500 என்பது 472 ஆகிறது. ஒரு செ.மீ. குறைத்தால் 531.

அந்த ஒரு செ.மீ.யில் ஆளே மாறிவிடுகிறார். பெரிய உடம்புக்கு நீளக் குழாய், சிறு பிள்ளைக்குக் குட்டைக் குழாய். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய மூளை, ஒத்ததிர்வுகள் எங்கே விழுகின்றன என்பதை வைத்தே பேசுபவரின் உடம்பை ஊகித்துவிடுகிறது. தொண்டைச் சங்கில் விரலை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுப் பாருங்கள்: சங்கு கீழே இறங்கும். எச்சில் விழுங்கினால் மேலே ஏறும். ஊர்ப் பெரியவர் பேசும் இடத்தில் வாசிப்பவர் சங்கைச் சற்றே இறக்கி, உதட்டைக் கொஞ்சம் முன்னால் குவிக்கிறார். பேரனுக்கு ஏற்றி, உதட்டை விரிக்கிறார். கிழவிக்கு மூச்சைச் சிறிது கசியவிடுகிறார். குரல்நாண்கள் முழுதாகச் சேராத முதுமை நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. சுருதியைப் பெரிதாகத் தொடவே இல்லை.

ஐரோப்பாவின் ஆண் செம்மானுக்கும் இந்த வித்தை தெரியும். இணைசேரும் பருவத்தில் முழங்கும்போது அது குரல்வளையைக் கழுத்து வழியே மார்பெலும்பு வரை இழுத்துக்கொள்கிறது. கேட்கும் எதிராளிக்கு உள்ளதைவிடப் பெரிய மான் நிற்பதாகத் தோன்றும். ஃபிட்ச், ரெபி என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதை எழுதினார்கள். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு மூன்றிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு இயைந்து எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியர் சொன்னதும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றை இதழ் குவிந்து பிறப்பவை என்று தனியே பிரித்ததும் எனக்கு இங்கே நினைவுக்கு வருகின்றன. இதழ் குவிந்தால் குழாய் நீளும். கருவி ஏதுமில்லாமல், தன் வாயையே கூர்ந்து கவனித்துக் கண்டது அது.

குரல் இனிக்கத் தேன் குடி, பச்சை முட்டை குடி என்று இன்னும் சொல்கிறார்கள். விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொண்டு, எல்லாம் உணவுக்குழாயில் இறங்கிவிடும். தொண்டைக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போய்ச் சேர்வது நீராவி. ஒலிப்பதிவு அறையில் வாசிப்பவர்கள் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருப்பது உடம்பு வற்றாமல் இருக்க. பச்சை ஆப்பிள் துண்டைக் கடித்துக்கொள்வோரும் உண்டு. மைக்கில் விழும் 'டிக் டிக்' என்ற எச்சில் ஓசை அதில் குறைகிறது.

புதிய குரல் முதலில் ஒட்டாததுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிடாதீர்கள். பழகிய குரலின் சொற்கள் இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகப் புரிகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது அந்தக் குழாயைக் கற்றுக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். தமிழில் வாசிப்பவருக்கு வேலை இன்னும் கூடுதல்: நம் எழுத்தில் 'பல்'லுக்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'தான், உரையாடல் வந்தால் நெல்லையா யாழ்ப்பாணமா என்று வேறு தெரிய வேண்டும். இந்த வட்டாரக் குரல்களை, முக்கியமாக முதியவர்களுடையதை, முறையாகப் பதிந்து எல்லாருக்கும் திறந்து வைக்க அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பாட்டிகள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

எழுதிய வாசகிக்கு ஒரு வேலை. சிரிக்கும்போது உதடு பின்னால் இழுபடுவதால் குழாய் குட்டையாகி, ஒத்ததிர்வுகள் மேலே ஏறுகின்றன. சிரிப்புச் சத்தமே இல்லாமல் சிரிப்பு காதில் விழும். எந்தெந்த வரியை அவர் சிரித்த முகத்தோடு படித்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லிவிடுவார்.