கழிமுகம் என்னும் சொல்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இருக்கிற சொற்களை இடம் மாற்றி வைத்துவிடுவதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் எஸ்சுவரி எனப்படும் நீர்ப்பரப்பை ஒருவர் முகத்துவாரம் என்கிறார், இன்னொருவர் கழிமுகம் என்கிறார், வேறொருவர் கழிமுகம் என்ற அதே சொல்லை டெல்டா என்னும் நிலப்பரப்புக்குக் கொடுத்துவிடுகிறார். நீருக்கும் நிலத்துக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் எதை நினைத்துக்கொள்வது? இந்தச் சொல்லின் வேர் எதைக் குறித்தது என்று பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

கழி என்ற வடிவில் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. கோலுக்கும் கழி என்று பெயர். கடந்துபோதலைக் குறிக்கும் கழிதல் என்னும் வினையின் அடியும் அதுவே. ‘சாலஉறு தவநனி கூர்கழி மிகல்’ என்று நன்னூல் சொல்லும் மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல்லும் அதுதான்; கழிபேருவகை என்பதில் நிற்பது அந்தக் கழி. நாம் தேடும் கழி இவற்றோடு சேர்ந்து நிற்கும் ஒரு பெயர்ச்சொல். கடலை ஒட்டி, கரைக்கு உட்புறம், அலையின்றிப் பரந்து கிடக்கும் உவர்நீர்தான் அது. கடல் தன் எல்லையைக் கடந்து மிக்கு உள்ளே வந்த நீர் என்று கொண்டால், கடத்தலும் மிகுதியும் இந்தப் பெயருக்குள் ஒன்றாகக் கூடுகின்றன. என் மனம் சாய்வது இந்த விளக்கத்தின் பக்கம். சங்கப் பாடல்களில் நெய்தல் திணை தொடங்கிய இடத்திலேயே இருங்கழியும் கானலும், அதாவது கடற்கரைச் சோலையும், வந்துவிடும். அங்கே கழி வெறும் பின்னணிக் காட்சியாக நின்றுவிடுவதில்லை. உப்பு விளைவது அதன் கரையில், பெண்கள் அலவனை, அதாவது நண்டை, விரட்டி விளையாடுவது அதன் ஈர மணலில், தலைவனின் தேர் இரவில் கடக்க அஞ்ச வேண்டியதும் அதன் சேற்றைத்தான். உப்பங்கழி என்று இன்றும் சொல்கிறோமே, அதில் உப்பு என்பது தெளிவுக்காகச் சேர்த்த சொல். உவர் இல்லாத கழி பழந்தமிழில் கழியே இல்லை.

முகம் என்பதற்கு அதிகம் விளக்கம் வேண்டியதில்லை. துறைமுகம் என்பதில் இருக்கும் அதே முகம், அதாவது வாயில். ஆகவே கழிமுகம் என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கழி திறக்கும் வாயிலும், அதை ஒட்டி ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் பரப்பும் ஆகும். மலையாளத்தில் ஆற்றின் வாயை அழிமுகம் என்பார்கள். ஒலியிலும் பொருளிலும் நம் சொல்லுக்கு மிக அருகில் நிற்கிற சொல் அது.

எஸ்சுவரி என்ற சொல்லின் வழி வேறு. லத்தீனில் ஈஸ்துஸ் என்றால் கொதிப்பு, பொங்குதல், அதிலிருந்து கடல் பொங்கி ஏறும் ஓதம். ஓதம் ஏறி இறங்கும் இடம் என்பதே அந்தச் சொல்லின் மூலப்பொருள். ரோமானியர் நீரின் அசைவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம் முன்னோர் நீரின் சுவையையும் அது நிற்கும் நிலையையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கடற்கரையிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. ஐரோப்பாவின் மேற்குக் கரையில் ஓதம் பல மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும்; சோழமண்டலக் கரையிலோ அது ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். நம் கரையில் கண்ணில் படுவது ஏற்றவற்றத்தைவிட நீர் உவர்ப்பதும் இனிப்பதுமான மாற்றமே.

அந்த மாற்றத்தைப் பார்க்கப் பறங்கிப்பேட்டைக்குப் போகலாம். வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உண்டாகும் வெள்ளாறு கடலில் கலப்பது அங்கேதான். (தமிழ்நாட்டில் வெள்ளாறு இரண்டு, புதுக்கோட்டைப் பக்கத்து வெள்ளாறு வேறு.) அதற்குத் தெற்கே கொள்ளிடத்தின் கழிமுகம். இரண்டுக்கும் இடையில், நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பின்னிக்கிடக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காடு, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் கழியை நிறைத்து உப்பைக் கடலுக்குத் தள்ளிவிடும். கோடையில் ஆறு மெலிந்தபின், கழியின் நீர் கடல்நீரின் உப்பளவை, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு என்பதை, நெருங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உப்புநீர் கனமானதாகையால் அடியில் ஆப்புப்போல உள்ளே நுழைய, நன்னீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். ஒரு மாசி மாதக் காலையில் பிச்சாவரத்தில் படகேறியபோது, நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்த என்னிடம் படகுக்காரர் சொன்னார்: “ஆத்துத் தண்ணின்னு நெனச்சீங்களா சார்? இது கழித் தண்ணி. மழை போயிடுச்சுன்னா உப்புதான்.” அகராதி இதைவிடத் தெளிவாகச் சொல்வதில்லை.

அன்று பார்த்த இன்னொன்றும் மறக்கவில்லை. கழுத்தளவு நீரில் சில பெண்கள் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, அகப்பட்ட இறாலைக் கையை வெளியே எடுத்த வேகத்திலேயே அதற்குள் போட்டார்கள். இந்தப் பகுதியில் வாழும் இருளர்கள் பரம்பரையாகச் செய்யும் தொழில் இது. கடலில் முட்டை பொரித்து வெளிவரும் இறால் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து, சில மாதங்கள் சேற்றிலும் வேர்களுக்கு இடையிலும் வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும் இப்படிக் கழியைத் தொட்டிலாகக் கொண்டு வளரும் மீன்களே. முகம் அடைபட்டால் தொட்டிலுக்குப் போகும் வழியும் அடைபடும்.

கழியைச் சூழ்ந்த மரங்களுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. கண்டல் என்பது சங்கப் பாடல்களிலிருந்தே வரும் பெயர். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டிபோல நீண்டு, சேற்றில் செங்குத்தாக விழுந்து ஊன்றிக்கொள்ளும். வெண்கண்டலோ காற்றில்லாத சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப்போல மூச்சுவேர்களை மேலே நீட்டி வைத்திருக்கும். அந்த வேர்களுக்கு நடுவே, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி இணையை அழைக்கும். சேற்றில் தாவித் திரியும் சிறு மீன்கள் நீருக்கு வெளியே வேருக்கு வேர் குதிக்கும். இங்குள்ள மரங்களில் ஒன்றின் பெயர் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான், அந்தக் கோயிலின் தலமரமும் இதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால் வெட்டுபவர்கள் மிகவும் அஞ்சுவார்கள். சிதம்பரம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தில்லையோ உவர்ச்சேற்றில் வளரும் மரம். ஊர்ப்பெயர் ஒன்றே பழைய கழியின் எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது.

கழிமுகத்துக்குத் தமிழில் இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு, புகார். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 30ஆம் பாட்டில், ‘கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்’ என்று வருகிறது. பாய்மரத்தையும் மேற்பாயையும் இறக்காமல், ஏற்றிவந்த பாரத்தையும் குறைக்காமல், ஆற்றுமுகத்துக்குள் நேரே புகுந்த பெரிய கப்பல் என்பது பொருள். புகார் என்பதற்கு ஆற்றுமுகம் என்றே உரை சொல்லும். காவிரி கடல் புகும் இடம் என்பதால் காவிரிப்பூம்பட்டினமும் புகார் ஆயிற்று. இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு எதிர்மறைகள். பாயை இறக்காமல், பாரத்தைக் குறைக்காமல் என்று வியந்து சொல்கிறார் என்றால், மற்ற ஆற்றுமுகங்களில் இறக்கவும் குறைக்கவும் வேண்டியிருந்தது என்றுதானே பொருள்? வாயிலில் மணல்திட்டு கிடந்தால் பாரம் ஏற்றிய கப்பல் தரைதட்டும். புகழுரைக்குள் ஒரு மாலுமியின் கவலை ஒளிந்திருக்கிறது.

இத்தனை அழகான சொல்லை இன்று மீட்டெடுக்க முடியாது என்பது வருத்தம்தான். இந்துஸ்தானியில் கூவி அழைப்பதைக் குறிக்கும் புகார் என்ற சொல் வந்து, காவல் நிலையத்திலும் அலுவலகத்திலும் முறையீட்டுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ‘புகாரில் படகு கவிழ்ந்தது’ என்று இன்று எழுதினால் யார்மேல் வழக்கு என்று கேட்பார்கள்.

அந்த மணல்திட்டுதான் வெள்ளாற்று வாயின் வரலாற்றையும் எழுதியது. 16ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் இங்கே குடியேறி, தங்கள் மொழியில் புதிய துறைமுகம் என்று பொருள்படும் போர்ட்டோ நோவோ என்ற பெயரை வைத்தார்கள். ஐரோப்பியரைக் குறிக்க அரபு, பாரசீக வழியாக வந்த ஃபரங்கி என்ற சொல் தமிழில் பறங்கி ஆகி, ஊர் பறங்கிப்பேட்டை ஆயிற்று. பறங்கிமலையிலும் பறங்கிக்காயிலும் இருப்பது அதே பறங்கி. பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படை ஹைதர் அலியின் படையைத் தோற்கடித்தது இந்த ஊருக்கு அருகில்தான். 1830களில் சேலத்து இரும்புத் தாதை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பாலை நடத்தினார். பெரிய கப்பல்கள் திட்டுக்கு வெளியே கடலில் நிற்க, சரக்கு படகுகளில் போய்வந்தது. இன்று ஊரின் பெயரை வெளியூருக்குச் சொல்வது வெள்ளாற்றங்கரையில் நிற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்.

மணல்திட்டைப் பற்றிப் பேசும்போது இலக்கணச் சிக்கல் ஒன்றும் எழுகிறது. 1967இல் கடலியலாளர் டொனால்டு பிரிட்சர்டு கொடுத்த வரையறையைத்தான் அறிவியலாளர்கள் நெடுங்காலம் கையாண்டார்கள். பாதி சூழப்பட்ட கரைநீர், திறந்த கடலோடு தடையற்ற தொடர்பு, நிலத்திலிருந்து வரும் நன்னீரால் அளந்தறியும் அளவுக்கு உப்புக் குறைந்திருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் அது எஸ்சுவரி. நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும்; ஆற்றில் நீர் குறைந்ததும் அந்த மணல் பல ஆறுகளின் வாயை மூடிவிடும். அப்போது தடையற்ற தொடர்பும் இல்லை, நன்னீரும் இல்லை. வரையறைப்படி ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே அது எஸ்சுவரி. தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. வாய் மூடினாலும் உள்ளே நிற்பது கழிதான், திறந்தால் அதற்கு முகம் உண்டு.

அந்தத் திறப்புக்கே தனிப்பெயர் வைத்திருப்பவர்கள் குமரி மாவட்டத்தார். மணல் உடைந்து நீர் வெளியேறும் இடத்தை அவர்கள் பொழி என்றும் பொழிமுகம் என்றும் சொல்கிறார்கள். பழையாறு கடல் சேரும் மணக்குடியில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அங்கிருந்த பாலத்தையே பெயர்த்துப் போட்டது. உள்ளே பரந்து கிடக்கும் நீருக்கு அவர்களிடம் காயல் என்ற பெயர் உண்டு. தாமிரபரணி வாயருகே இருக்கும் பழையகாயல் அந்தப் பெயரைத் தாங்கிய ஊர். ஈழத்தில் ஆழமில்லாத கரைநீரைக் களப்பு என்பார்கள், மட்டக்களப்பில் இருப்பது அந்தக் களப்பு. அங்கே வாவி கடலோடு சேரும் இடத்துக்கும், கொழும்பில் களனி கங்கை கடல் சேரும் பகுதிக்கும் முகத்துவாரம் என்றே ஊர்ப்பெயர். முகத்துவாரம் வடசொற்கள் இரண்டு சேர்ந்தது. முகம், வாயில் என்று ஒன்றையே இரண்டு முறை சொல்கிறது. ஊர்ப்பெயராக நிலைத்த இடத்தில் அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அது வாயிலை மட்டும் குறிக்கும். வாயிலுக்கு உள்ளே மைல் கணக்கில் நீளும் கலப்புநீரைக் குறிக்காது. அடையாற்று முகத்துவாரத்தில் மணல் அள்ளினார்கள் என்பது சரி. அடையாற்று முகத்துவாரத்தில் பறவைகள் கணக்கெடுக்கப்பட்டன என்றால், பறவைகள் நிற்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சேற்றுத் திட்டுகளில், அதற்குக் கழிமுகமே பொருந்தும்.

டெல்டாவுக்கு வருவோம். நைல் ஆறு வண்டல் படிந்து விரிந்த நிலம் முக்கோண வடிவத்தில் இருந்ததால் கிரேக்கர்கள் தங்கள் நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை அதற்குப் பெயராக்கினார்கள். ஹெரடோட்டஸ் அந்தப் பெயரைக் கையாள்கிறார். அது நிலத்தின் பெயர். நெல் விளைவதும் ஊர்கள் எழுவதும் அதன்மேல். அதைக் கழிமுகம் என்றால் தஞ்சாவூரும் கும்பகோணமும் உவர்ச்சேற்றில் நிற்பதாக ஆகிவிடும். காவிரி டெல்டா என்று மக்கள் நாவில் பழகிவிட்டதை அப்படியே விடலாம், தமிழாக வேண்டுமென்றால் வடிநிலம் இருக்கிறது. கழிமுகத்தை அங்கே செலவழிக்கக் கூடாது.

இதைவிடக் கண்ணை உறுத்துவது எண்ணூர்க் கதை. கொசஸ்தலையாறு கடல் சேரும் இடத்தில் உள்ளே நீளும் நீருக்கு ஆங்கிலேயர் கிரீக் என்று பெயரிட்டார்கள். அமெரிக்கர் வழக்கில் அந்தச் சொல் சிறு ஓடையைக் குறிக்கும் என்பதால், அகராதியில் அந்தப் பொருளை எடுத்துச் சிலர் ‘எண்ணூர் சிற்றோடை’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் கையாண்ட பொருளிலோ அது ஓதம் புகும் கரைநீர். சிற்றோடை என்றால் தாண்டிக் குதித்துவிடலாம். எண்ணூரில் அந்த நீரில் படகோட்டி, வலைபோட்டு, இறால் தேடிப் பல மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. அதற்கு எண்ணூர்க் கழி என்று எழுதினால் போதும், கடலைத் தொடும் வாயையும் அதை ஒட்டிய கலப்புநீரையும் சொல்ல வேண்டிய இடத்தில் எண்ணூர்க் கழிமுகம்.