ஆற்றுப்படுத்தல்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு (ஆர்.சி.சி.) செல்லும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ‘கவுன்சலிங்’, ‘சாந்த்வனம்’ என்னும் இரு சொற்களை எதிர்கொள்கின்றன. இரண்டையும் பலர் பிழையாகப் பொருள்கொண்டு, கிடைக்கும் உதவியை வேண்டாமென்று விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

‘கவுன்சலிங்’ என்பதன் வேர், கலந்தாய்வையும் அறிவுரையையும் குறித்த ‘கொன்சீலியம்’ என்ற இலத்தீன் சொல்; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த வேரைப் பின்பற்றியே தமிழில் ‘ஆலோசனை’ என்கிறோம். ஆனால் நோயாளிக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பார்க்க வருபவர் எல்லாரும் ‘தைரியமாக இருங்கள், அழாதீர்கள்’ என்றே சொல்லிச் செல்கின்றனர். பயிற்சி பெற்றவர் செய்வது வேறு: முடி உதிர்வதையும், பிள்ளைகளிடம் நோயை எப்படிச் சொல்வது என்பதையும், இரவில் எழும் மரண பயத்தையும் இடைமறிக்காமல் கேட்டு, அவற்றைத் தாங்கும் வழியை நோயாளியோடு சேர்ந்து தேடுவது.

‘சாந்த்வனம்’ இன்சொல்லால் தணித்தலைக் குறிக்கும் வடசொல். மலையாளத்தில் ‘சாந்த்வன சிகில்ச’ என்பது நோய்த்துயர் தணிக்கும் மருத்துவத்தின் பெயர். அதைக் கேட்டதுமே ‘மருத்துவர்கள் கைவிட்டுவிட்டனர்’ என்று அஞ்ச வேண்டியதில்லை. அம்மருத்துவத்தை நோய்தீர்க்கும் சிகிச்சையோடு சேர்த்தே பெறலாம். கவுன்சலிங் என்னும் மனத்துணையோ நோய் உறுதியான நாளிலிருந்தே தேவைப்படுவது.

கவுன்சலிங்கை இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்கின்றனர், நல்ல சொல். ஆயினும் தமிழகத்தில் ஏற்கெனவே வழங்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதையே நான் விரும்புகிறேன். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வந்தவன் வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. இங்கும் நடப்பவர் நோயாளியே. ஆற்றுப்படுத்துபவர் வழியைத் தெரிவிப்பவர். சூடும் புண்ணும் மனமும் ‘ஆறுதல்’ என்பதன் வேர் வேறாயினும், அதன் ஒலியும் இச்சொல்லில் சேர்ந்தே கேட்கிறது. ‘ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு (துன்புற்றவர்க்கு) உதவுதல்’ என்று கலித்தொகை கூறுவதும் இப்பணிக்கு அப்படியே பொருந்தும்.

மனத்துயரை அளக்க, வெப்பமானி வடிவில் 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு படம் பல நாடுகளில் பயன்படுகிறது. 4 அல்லது அதற்கு மேல் குறித்தவரிடம் விரிவாக விசாரிப்பர். பணம், பயணம், குடும்பம், தூக்கம் ஆகியனவும் அதனுடன் கேட்கப்படும். வாந்தியையும் வலியையும் மலையாளத்தில் சொல்லிவிடக்கூடிய எல்லைப்புறத் தமிழருக்கும் இக்கேள்விகள் தமிழில் கேட்கப்பட வேண்டும்.

புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கும் இத்துறையின் (சைக்கோ-ஆன்காலஜி) பெயரை ‘உளப்புற்றுநோயியல்’ என எழுதுவது உள்ளத்துக்கே புற்று வந்ததுபோல் தொனிக்கிறது. ‘புற்றுநோய் உளவியல்’ என்பதே தெளிவு. கடும் மனச்சோர்வுக்கு மருந்து தருவது உளமருத்துவரின் சிகிச்சை; அதை ஆற்றுப்படுத்தல் என்று அழைக்கலாகாது.